நானூத்தி இருபது கலோரி

உங்க கையில கட்டியிருக்கறது மணி மட்டுந்தான் காட்டுமா, இல்ல மத்ததும் காட்டுமுங்களா? எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரிஞ்சுதுன்னும் காட்டுதா? அப்படிங்களா. பஸ்ஸு குலுங்கறதையும் நடந்ததாச் சேத்துக்காம இருந்தாச் சரி. தப்பா எடுத்துக்காதீங்க. கலோரிங்கற வார்த்தை காதுல உழுந்தாலே எனக்கு ஆகறதில்ல, அதான் கேட்டுட்டேன்.

நான் சங்ககிரிங்க. பேரு நாச்சிமுத்து. எடை மேடையில வேலை. ரோட்டோரமா லாரிய ஏத்தி நிறுத்தி எடை போடுவாங்கல்ல, அதுல ஜன்னலுக்கு உள்ள உக்காந்து நம்பர் பாத்துச் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறவன். பத்தொம்பது வருசமாச்சு. அதா, முன்னாடி லேடீஸ் சீட்டுல, ஊதாச் சேலை, ஜன்னலோரமா உக்காந்திருக்கறாளே, அவதான் என்ற ஊட்டுக்காரி. சாந்தாமணி. கொஞ்சம் மெதுவாத்தான் பேசோணும். ரெண்டு பேரும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவ தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. இவ ஒண்ணு குடுக்கறா.

குடுக்கறான்னு சொல்லிட்டேன். குடுக்க இவ தயாராத்தான் இருக்கறா. அவன்தான் வேண்டாங்கறான். அதுக்குக் காரணம் நானுங்க. நான்னா, முழுசா நான்னு சொல்ல முடியாது. அந்த ஜிம்மு மிஷினுன்னு சொல்லோணும். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

மச்சினன் பேரு தாமோதரன். முப்பத்தி நாலு வயசு. திருச்செங்கோட்டுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருந்தான். ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அவனுக்கு நாலு வயசா இருக்கறப்பவே அவுங்கம்மா போயிட்டாங்க. இவளுக்கு அப்பப் பதினொண்ணு. இவதான் அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவ. அதனால, அவனுக்குக் கிட்னி வேணுமுன்னு டாக்டர் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ சேலையச் சொருகிட்டு எந்திரிச்சுட்டா, "என்றதை எடுத்துக்கங்க"ன்னு. என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. கேக்கவே இல்ல. அதை உடுங்க.

எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. எல்லாம் பொருந்துது. எடை மட்டும் எண்பத்தி நாலு கிலோ. எழுபத்தஞ்சுக்கு வந்தாத்தான் எடுப்போம், இல்லீன்னா இந்தம்மாவுக்கு ஆபத்துன்னுட்டாரு டாக்டர். ஒம்போது கிலோ, நாலு மாசத்துல. எங்க மேடையில ஒம்போது கிலோவெல்லாம் ஒரு எடையே இல்லீங்க. அது இருபது இருபதாத்தான் காட்டும். ஒம்போது கிலோவுக்கு நம்பர் அசையவே அசையாது. அந்த ஒம்போதுதான் எங்க குடும்பத்தையே போட்டு அசைச்சுப் பாத்துருச்சு.

அன்னைக்கே ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரமும் குடுத்தாங்க. என்ற சம்சாரம் கிட்னி குடுக்கறதுல எனக்குச் சம்மதம்னு புருசன் கையெழுத்துப் போடோணுமாம். மொதல்ல எடை குறையட்டும், அப்பறம் போட்டாப் போவுதுன்னு மடிச்சு வாங்கிக்கிட்டேன்.

மாசி மாசம் ஜிம்முல சேத்துவுட்டேன். எங்க ஊருல புதுசா ஒண்ணு தொறந்திருந்தாங்க. காலையில ஆறு மணிக்கு நானே வண்டியில கூட்டிட்டுப் போவேன், பக்கத்துலயே நிப்பேன். இவளுக்கு மூட்டு வலி வேற. அந்த நடக்கற மிஷின் இருக்குதில்ல, டிரெட்மில்லு, அதுல ஏத்திவுட்டாங்க. மாஸ்டர் ரியாஸ்னு ஒரு தம்பி. சாய்வா வெச்சு நடந்தா நெம்பக் கலோரி எரியும்னு சொல்லி மேடு ஏத்தி வெச்சான். ரெண்டாம் நாளே இவ தடுமாறுனா. "ஏ அம்மிணி, கைப்பிடிய நல்லாப் புடிச்சுக்க, உழுந்து தொலைச்சறாத"ன்னேன். அன்னையில இருந்து ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டேதான் நடப்பா. அம்பது நிமிசம். எறங்கறப்ப மிஷின்ல பாத்தா, நானூத்தி இருபது.

சிரிக்காதீங்க. எனக்கு அப்ப உறைக்கல. ஊரே ஏமாத்துக்காரனுக்கு வெச்ச நம்பரு எதிர்ல நின்னு பல்லைக் காட்டுது, நான் அதைக் கையெடுத்துக் கும்புட்டேன்.

ஏன்னு கேளுங்க. என்ற பொழப்பே அந்தச் செவப்பு நம்பர நம்புறதுதானுங்க. ஒரு நாளைக்கு நூறு டிரைவர் வருவான். ஒருத்தன் கத்துவான், ஒருத்தன் அழுவான், "அண்ணே, குவாரியில சரியாத்தான் ஏத்துனாங்க, புள்ளைங்க மேல சத்தியமா"ம்பான். நான் தலையே தூக்க மாட்டேன். "மிஷின் பொய் சொல்லாது தம்பி, வண்டிய எடு." அவ்வளவுதான். எடையக் குறைச்சுக் காட்டறதுக்கு அவுனுங்க பண்ற வேலை ஒண்ணா ரெண்டா. பின் சக்கரம் ஒண்ண மேடைக்கு வெளிய நிறுத்திருவானுங்க. அந்தச் சக்கரத்துப் பாரம் தரையில போயிரும், நம்பர்ல வராது. நான் உக்காந்த எடத்துல இருந்தே கண்டுபுடிச்சுருவேன். "ஒரு சக்கரம் வெளிய நிக்குது, முன்னாடி வா"ன்னு மைக்குல சொன்னாப் போதும், அந்த ரோட்டுல எனக்கு அப்படி ஒரு பேரு.

சரி, கதைக்கு வர்றேன். ஆஸ்பத்திரியில இவளுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு சார்ட்டு குடுத்திருந்தாங்க. காலையில இவ்வளவு, மத்தியானம் இவ்வளவுன்னு. அதைப் பாத்துச் சாப்பாடு போட்டது நானுங்க. ஆமா, நானே தட்டுல போட்டுக் குடுப்பேன். இவ கையில உட்டா எல்லாருக்கும் போட்டுட்டுச் சட்டிய வழிச்சுக்கிட்டு நிப்பா. அப்ப எனக்கு ஒரு யோசனை. சார்ட்டுல இருக்கற அளவு சும்மா இருக்கறவங்களுக்கு. இவதான் தினம் நானூத்தி இருபது எரிக்கறாளே, அதுல பாதியத் திருப்பிக் குடுத்தாக்கூட மீதி பாதிக்கு எடை எறங்கோணுமில்ல? உடம்பு ஒரேயடியா இளைச்சுப் போயிட்டா ஆபரேசனைத் தாங்கோணுமே. அதனால மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம் ஒரு கரண்டி சேத்தி, நெய் உட்டு, வெப்பேன். அவ, "போதுமுங்க, சார்ட்டுல இல்லீங்களே"ம்பா. "மிஷின்ல இருக்குது, தின்னு"ம்பேன்.

ஒரு மாசம் ஆச்சு, ஒரு கிலோ குறைஞ்சுது. ரெண்டு மாசத்துல ஒன்றரை. மூணாம் மாசம் அரைக்கிலோ ஏறிருச்சுங்க.

இப்ப நீங்க என்ற எடத்துல இருந்தா என்ன நெனப்பீங்க? எரிச்சதை மிஷின் சொல்லுது. சாப்பாடு என்ற கையால போடறது. அப்ப நடுவுல எங்கயோ ஓட்டை இருக்குது. டிரைவருங்களப் பாத்துப் பாத்து எனக்குப் புத்தி அப்படித்தான் போகும். இவ திருட்டுத்தனமாத் திங்கறான்னு முடிவே பண்ணிட்டேன். முறுக்கு டப்பாவத் தூக்கி ஆட்டிப் பாப்பேன். கடலைமிட்டாயி எத்தனை இருந்துச்சு, எத்தனை இருக்குதுன்னு எண்ணுவேன். பக்கத்து ஊட்டுல போயி, "சாந்தா இங்க வந்து ஏதாச்சும் சாப்புடறாளா?"ன்னு கேட்டேன். கேவலமுங்க. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துன பொம்பளையப் பத்திக் கேக்கறேன்.

ஒரு நா நேராவே கேட்டுட்டேன். அடுப்புக்கிட்ட நின்னுட்டிருந்தா. "நான் எதையும் திங்கலீங்க"ன்னா. நான், "மிஷின் பொய் சொல்லாது"ன்னேன். டிரைவர்கிட்டச் சொல்ற அதே தொனி. அவ திரும்பி என்னைப் பாத்தா. சண்டை போடுவான்னு எதிர்பாத்தேன். போடலீங்க. அன்னைக்கு ராத்திரியில இருந்து சாப்பாட்டைக் குறைச்சுட்டா. நான் வெச்சதுல பாதியத் தள்ளிவெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. அதையும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வெளிய எங்கயோ நல்லாத் தின்னுட்டு வந்திருக்கறான்னு நெனச்சேன்.

ஆனி மாசம். ஒரு ஞாயித்துக்கெழமை திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தோம், தாமோதரன் ஊட்டுக்கு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். கறுத்துப் போயி, கை நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைச்சு, கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தான். "எடை எவ்வளவு வந்துச்சுங்க மாமா?"ன்னு ஆசையாக் கேட்டான். இவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

"மாப்ளே, மிஷின் ஒரு கணக்குச் சொல்லுது, உடம்பு ஒரு கணக்குச் சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது வாயிதான். குடுக்க மனசிருந்தா எடை எறங்காதா?"

சிரிச்சுக்கிட்டே சொன்னனுங்க. நக்கலாச் சொன்ன மாதிரி. அவன் பொண்டாட்டி டீ டம்ளர நீட்டுன கை அப்படியே நின்னுருச்சு. தாமோதரன் இவளையே பாத்துட்டு இருந்தான். "அக்கா, உனக்கு இஷ்டமில்லீன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல. நான் உன்னைக் கேக்கவே இல்லியேக்கா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். இவ ஏதாச்சும் சொல்லுவான்னு நானும் பாத்தேன். முந்தானையச் சுருட்டிச் சுருட்டிப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சே உக்காந்திருந்தா. மறுவாரம் அவன் ஆஸ்பத்திரியில போயி, அக்கா கிட்னி வேண்டாம், செத்தவங்க யாராச்சும் குடுத்தா வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். அந்த வரிசையில இவனுக்கு முன்னாடி எத்தனை பேரோ. அன்னையில இருந்து என்ற போனை எடுக்கறதில்ல. இவ போனையும் எடுக்கறதில்ல.

ஏனுங்க, தண்ணி இருக்குதுங்களா? ஒரு முழுங்கு குடுங்க.

ஆடி மாசம் எங்க மேடைக்கு முத்திரை போடக் கவர்மெண்டு ஆளுங்க வந்தாங்க. வருசத்துக்கு ஒருக்கா வருவாங்க. இருபது கிலோ இரும்புக் கல்லா எறக்கி, மேடையோட நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்து, நம்பர் சரியா இருந்தாத்தான் முத்திரை. இல்லீன்னா பூட்டிட்டுப் போயிருவாங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஜிம்முல பணம் கட்டப் போனவன் ரியாஸு தம்பிகிட்டப் பேச்சுவாக்குல கேட்டேன். "ஏன் தம்பி, உங்க மிஷினுக்கெல்லாம் முத்திரை எப்பப் போடுவாங்க?"

பக்கத்துல நின்ன பசங்கல்லாம் சிரிச்சுட்டாங்க. அந்தத் தம்பி நல்ல பையன், சிரிக்கல. "ஏனுங்ணா, இது எடையே பாக்கறதில்லீங்ணா"ன்னான்.

எனக்குப் புரியல. மேல ஏறி நிக்கறாங்க, நடக்கறாங்க, எடை பாக்காதான்னேன்.

"இல்லீங்ணா. எத்தனை கிலோன்னு நாமதான் பட்டன்ல அமுக்கோணும். அந்த எடை, எவ்வளவு வேகம், எவ்வளவு மேடு, அதை வெச்சு ஒரு ஆளு இவ்வளவு எரிப்பாங்கன்னு குத்துமதிப்பாச் சொல்லும். யாருங்ணா அமுக்கறாங்க? பொம்பளைங்க எடையக் கேட்டா மொறைக்கறாங்க. நானே நூறுன்னு வெச்சு உட்டுருக்கறேன். நம்பர் கொஞ்சம் பெருசா வந்தா வர்றவங்களுக்கும் ஒரு சந்தோசம்." அப்பறம் என்ற மூஞ்சியப் பாத்துட்டு மெதுவாச் சொன்னான். "அக்கா வேற கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டுத்தானுங்ணா நடப்பாங்க. அப்பப் பாரமெல்லாம் கையில போயிரும், காலுக்கு வேலையே இல்ல. மிஷினுக்கு அது தெரியாது. முழு ஆளும் நடக்கறதா நெனச்சுத்தான் நம்பர் போடும். அக்காவுக்கு நெசத்துல பாதி எரிஞ்சிருந்தாலே அதிசயம். அப்பவே உங்ககிட்டச் சொல்லலாமுன்னு பாத்தனுங்ணா, நீங்கதான் புடிச்சுக்க புடிச்சுக்கன்னு பக்கத்துலயே நிப்பீங்க."

வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியல. ஒரு சக்கரம் வெளிய நின்னா நூறடி தள்ளி இருந்து கண்டுபுடிக்கறவன் நானு. மூணடி தூரத்துல என்ற பொண்டாட்டி கம்பியில தொங்கறா, அஞ்சு மாசமா பாக்கறேன், தெரியல.

போனதும் வாசப்படியிலயே சொன்னேன். "அம்மிணி, உம்மேல தப்பில்ல. மிஷின்தான் தப்பு. நீ எதையும் திங்கல." பெரிய வரம் குடுக்கற மாதிரி சொன்னனுங்க. அவ அழுவா, இல்லீன்னா சந்தோசப்படுவான்னு நெனச்சேன். கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தவ நிமிரக்கூட இல்ல. "நான் திங்கலீங்கன்னு அன்னைக்கே நாஞ் சொன்னேன். இன்னைக்கு ரியாஸ் சொன்னதும் நம்பறீங்க"ன்னா.

மறுநாள்ல இருந்து கம்பிய உட்டுட்டா. மேடு வேண்டாம்னு சொல்லிட்டு, சமதரையா வெச்சு, கையை வீசிட்டு மெதுவா நடந்தா. நம்பர் தெரியற எடத்துல துண்டைப் போட்டு மூடிட்டா. சாப்பாட்டைச் சார்ட்டுப்படி அவளே போட்டுக்கிட்டா. கரண்டிய எங்கையில குடுக்கறதே இல்ல. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. போன வாரம் எழுபத்தி நாலரை கிலோ. டாக்டர் தயாருன்னுட்டாரு. இவ தாமோதரன் பொண்டாட்டிக்குப் போன் போட்டா. "அவன் எம்மூஞ்சியப் பாத்து ஒருதடவை வேண்டாங்கட்டும், அப்பறம் நான் கேக்கல"ன்னா. இன்னைக்கு அவனுக்கு டயாலிசிஸ். அங்கதான் போறோம். மிஷின் கதைய நான் அவன்கிட்டச் சொல்லோணும். அக்கா எதையும் திங்கல மாப்ளே, மிஷின் ஏமாத்திருச்சு, நான் நம்பிட்டேன்னு. ரியாஸு தம்பிகிட்டச் சொல்லி, மிஷின் எப்படிக் கணக்குப் போடுதுன்னு போன்ல ஒரு வீடியோகூட எடுத்து வெச்சிருக்கறேன். பாக்கறீங்களா? வேண்டாம், உடுங்க.

என்ன கேட்டீங்க?

அந்த ஃபாரமா. கையெழுத்தா.

இன்னும் போடலீங்க. பையிலதான் இருக்குது. மாசி மாசத்துல இருந்து இந்தப் பையிலயேதான் இருக்குது. போட்டாப் போவுது, ஒரு நிமிச வேலை.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பயமுங்க. வேறென்ன. இவளை மேசையில படுக்கவெச்சு அறுத்து உள்ள இருந்து ஒண்ண எடுப்பாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கோணும். எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான். அவ கேட்டிருந்தா வேண்டாமுன்னு சொல்லியிருப்பேன். கேக்கல. வேண்டாமுன்னு நானாவும் சொல்ல முடியல. சாகக் கெடக்கறவன் அவ தம்பி. எந்த வாயில சொல்லுவேன்? எடை குறையலீன்னா டாக்டரே வேண்டாமுன்னுருவாரு. யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஒவ்வொரு வாரமும் எடை பாத்துட்டு வர்றப்ப, குறையலீன்னா நான் திட்டுவேன். திட்டிட்டு வந்து தெருமுக்குல டீ குடிப்பேன் பாருங்க, அப்ப உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருக்குமுங்க. அதை இத்தனை நாளா எனக்கே நான் சொல்லிக்கல. இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான் காதுல உழுவுது.

அந்த ஒரு கரண்டி சாதம் மிஷின் நம்பர நம்பித்தான் போட்டனா? அவ போதும் போதும்னா. சார்ட்டுல இல்லீங்கன்னா. எதுக்குங்க அவ்வளவு நெய்ய ஊத்துனேன்? மிஷின் பாட்டுக்கு ஒரு நம்பரக் காட்டுச்சு, எனக்கு அது வசதியாப் போச்சு. மனசில்லாதவன் நான். திருச்செங்கோட்டுல அத்தனை பேரு முன்னாடி அதைத் தூக்கி அவ தலையில வெச்சுட்டேன்.

அவினாசி வந்துருச்சுங்களா? நெம்பப் பேரு எறங்கறாங்க. அவ பக்கத்துல இருந்த அம்மாவும் எறங்கறாங்க. அதா, திரும்பறா. பாருங்க, என்னைத்தான் கூப்படறா, இங்க வந்து உக்காருங்கன்னு சீட்டைத் தட்டறா. பாவம், நான் நின்னுட்டு வர்றேன்னு நெனச்சுட்டா போல.

தாமோதரன்கிட்ட மிஷின் கதையச் சொன்னா அவன் நம்பிருவானுங்க. வீடியோ வேற இருக்குது. இவளும் நம்பிட்டா, அதனாலதான் பக்கத்துல கூப்படறா. நீங்களும் பாதி வழி வரைக்கும் நம்பித்தானே வந்தீங்க. அதுக்குத்தானுங்க நான் இப்பப் பயப்படறேன்.

பேனா இருக்குதுங்களா உங்ககிட்ட? குடுங்க. இல்லீங்க, இங்க போடல. அவகிட்டப் போயி, இப்ப உங்ககிட்டச் சொன்னதைச் சொல்லிட்டு, ஃபாரத்தை அவ கையில குடுத்துட்டு, அப்பறம் போடறேன். சொன்னதுக்கு அப்பறம் அவ அந்த ஃபாரத்தை எங்கிட்டத் திருப்பி நீட்டுவாளோ, மூஞ்சியத் திருப்பிக்குவாளோ தெரியல. இந்தப் பேனா திரும்பி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகுமுங்க. கோயமுத்தூர் போறதுக்குள்ள வரலீன்னா, தயவுசெஞ்சு அங்க வந்து கேக்காதீங்க.